வானத்துல கண்ணு... வயக்காட்டுல காலு!

தேர்டு இயர் முடியப்போகுதா? அப்போ உங்க டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல அந்தப் பேப்பரை ஒட்டியிருப்பாங்களே... 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் சமர்ப்பிக்கக் கடைசி தேதி!' அதுக்கு அடுத்த சீன் எல்லா காலேஜிலும் ஒண்ணுதான். நாலு பேர் ஒரு பேட்ச். அதுல ஒருத்தர் ஃபோனை எடுத்து, 'அண்ணா, போன வருஷம் நீங்க எங்கே வாங்கினீங்க?' என்று சீனியரிடம் கேட்பார்.

வாங்குறதா? ஆமா பாஸ்! சட்டை, பேன்ட் மாதிரி ப்ராஜெக்ட்டும் ரெடிமேடா கிடைக்கிற காலம் இது. கோட், ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். வைவாவுல என்ன கேட்பாங்க, என்ன பதில் சொல்லணும்னு டியூஷன்கூட உண்டு. மார்க் வந்துடும். ஆனா ஆறு மாசம் கழிச்சு ஒரு இன்டர்வியூவுல, 'உங்க ப்ராஜெக்ட்ல நீங்க என்ன செஞ்சீங்க?' என்று கேட்டால்தான் வயித்துல புளியைக் கரைக்கும்.

அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருக்க இந்த வாரம் ஒரு ரூட் சொல்றேன். அதுவும் சாதாரண ரூட் இல்லை... சாட்டிலைட் ரூட்!

'ஏம்ப்பா, நாங்க இருக்கிறது விழுப்புரம், திண்டிவனம். எங்க காலேஜ்ல ஏரோ டிபார்ட்மென்ட்டே கிடையாது. இதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்க மேட்டர்' என்று பக்கத்தைத் திருப்பப் போறீங்களா? ஒரு நிமிஷம். முதல்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடலாம்.

ரயில்வே ஸ்கூல் டு நிலா

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவின் தென் துருவப் பக்கத்தில் போய் இறங்கியது ஞாபகம் இருக்கும். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல். சொந்த ஊர், சாட்சாத் நம்ம விழுப்புரம். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். படிச்சது விழுப்புரம் ரயில்வே ஸ்கூல். அப்புறம்? நேரா ஐ.ஐ.டி.யா? இல்லை. விழுப்புரத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அதுக்கு அப்புறம்தான் சென்னையில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ., வேலைக்குப் போன பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. 2023 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்த 25 லட்சம் ரூபாய் பரிசை, தான் படிச்ச காலேஜ்களுக்கே கொடுத்துட்டார் மனுஷன்!

இவர் மட்டும் இல்லை. 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி.நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்துக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோவில் ஆரம்பிச்சவர்தான்.

இந்தக் கதையை எல்லா காலேஜ் ஆண்டு விழாவிலும் சொல்லி, கைதட்டி, போண்டா சாப்பிட்டுட்டுக் கிளம்பிடறோம். ஆனா கவனிக்க வேண்டிய விஷயம் வேற. வீரமுத்துவேல் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கிட்ட ஆராய்ச்சி என்ன தெரியுமா? விண்கலத்துக்குள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளின் அதிர்வை எப்படிக் குறைப்பது என்பதுதான். ராக்கெட் கிளம்பும்போது எல்லாம் உதறும். அந்த உதறலில் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அவ்வளவுதான் கேள்வி. சின்னக் கேள்வி, தெளிவான கேள்வி, பதில் தேவைப்படுகிற கேள்வி. ஆராய்ச்சின்னா அதுதான் ஃப்ரெண்ட்ஸ். பெரிய டைட்டில் எல்லாம் வேணாம்.

சரி, நம்ம கையில் விண்கலம் இல்லையே, என்ன பண்றது? விண்கலம் எடுக்கிற படம் இருக்கே!

படம் ஃப்ரீ... சாஃப்ட்வேரும் ஃப்ரீ!

ரிமோட் சென்சிங், தமிழில் தொலையுணர்வு. ஒரு இடத்தைத் தொடாமலேயே, அதிலிருந்து வருகிற ஒளியையோ ரேடார் அலையையோ வெச்சு அங்கே என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிற டெக்னிக். ஒரு காலத்தில் ஒரு சாட்டிலைட் படம் வேணும்னா காசு கட்டி வாங்கணும். இப்போ நிலைமையே தலைகீழ்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம். 1972-ல் எடுத்த பழைய படத்திலிருந்து எல்லாமே அதில் இருக்கு. உங்க தாத்தா காலத்து ஏரியையும் இன்னிக்கு இருக்கிற ஏரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது, நம்ம ஊர்ல நாலு சென்ட்டு இடத்தைவிடக் கம்மி! ரெண்டு சாட்டிலைட் சேர்ந்து சுத்துறதால அஞ்சு நாளைக்கு ஒருமுறை உங்க ஊர் மேலே வந்து போகும். நம்ம இஸ்ரோவோட 'புவன்' தளம் 2009-லிருந்து இருக்கு. படங்களை டவுன்லோடு பண்ண 'பூநிதி' என்று தனித் தளமும் வந்தாச்சு. 5 மீட்டரும் அதற்கு மேலும் புள்ளி அளவுள்ள படங்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கணும்னு 2023-ல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கையே சொல்லிடுச்சு.

சாஃப்ட்வேர்? 'க்யூஜிஐஎஸ்' முழுக்க இலவசம். ரேடார் படத்தைக் கையாள ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'ஸ்னாப்' இலவசம். 'எங்க வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆகும்'னு சொல்றவங்களுக்கு கூகுள் எர்த் எஞ்ஜின். வேலையெல்லாம் அவங்க சர்வர்ல நடக்கும், உங்களுக்கு பிரவுசர் இருந்தால் போதும். படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் காசு கிடையாது.

ஆக, சென்னையில் இருக்கிறவனுக்கும் ஜெர்மனியில் இருக்கிறவனுக்கும் மயிலம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கிற உங்களுக்கும் கிடைக்கிறது ஒரே படம். அப்போ உங்களுக்கு என்ன ஸ்பெஷல்? அங்கேதான் இருக்கு மேட்டர்!

ஃபெஞ்சல் கேட்ட கேள்வி

2024 நவம்பர் 30 ராத்திரியை நம்ம மாவட்டத்துக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறி, நகராம அப்படியே நின்னுடுச்சு. திண்டிவனத்துக்குப் பக்கத்துல இருக்கிற மயிலத்துல 24 மணி நேரத்துல 51 செ.மீ. மழை! டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை கரைபுரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. அரசூர் பக்கம் நெடுஞ்சாலையே ஆறாகிப்போச்சு.

இப்போ ஒரு கேள்வி. அந்த வெள்ளம் எங்கே வரைக்கும் வந்தது? எந்த ஊர்ல எத்தனை ஏக்கர்?

சாதாரண கேமரா சாட்டிலைட்டால் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. புயல் நாளில் மேலே முழுக்க மேகம். படம் எடுத்தால் வெள்ளை வெளேர்னு பஞ்சு மூட்டைதான் தெரியும். அதனால்தான் ரேடார் சாட்டிலைட். அது தானே மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வர்றதை அளக்கும். மேகமா, ராத்திரியா... கவலையே இல்லை. அசையாத தண்ணி கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கிறதால, சாய்வா வர்ற அலையை வேற பக்கமா தள்ளிவிட்டுடும். சாட்டிலைட்டுக்கு எதுவும் திரும்பி வராது. ஆகவே படத்தில் தண்ணி கறுப்பாத் தெரியும். வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்த படம், பின்னாடி எடுத்த படம், ரெண்டையும் ஒப்பிட்டு, புதுசா கறுத்த இடம்தான் வெள்ளம். நம்ம இஸ்ரோவோட இ.ஓ.எஸ்.-04 (2022 பிப்ரவரியில் போனது), ஐரோப்பாவின் சென்டினல்-1 எல்லாம் இந்த ரகம்தான்.

'ஆஹா, ரொம்ப ஈஸியா இருக்கே! ரெண்டு படத்தைக் கழிச்சா ப்ராஜெக்ட் ஓவர்!'ன்னு கை தட்டாதீங்க. சிக்கலே இனிமேல்தான்.

டேராடூன்காரரால் முடியாதது

சிக்கல் நம்பர் ஒண்ணு: நெல். கார்த்திகை மாசத்துல நம்ம பக்கம் சம்பா வயல்ல தண்ணி நிக்கும். அது வெள்ளம் இல்லை, விவசாயி கட்டின தண்ணி. நட்டுக் கொஞ்ச நாள் ஆன வயலைப் பார்த்துட்டு, ரேடார் 'இங்கேயும் தண்ணி'ன்னு கறுப்படிச்சிடும்.

சிக்கல் நம்பர் ரெண்டு: மணல். ஆத்துப் படுகையில காய்ஞ்சு வழவழன்னு கிடக்கிற மணலும் படத்துல கறுப்பாத்தான் தெரியும். தார் ரோடும் அப்படித்தான்.

சிக்கல் நம்பர் மூணு... இதுதான் பெரிய தலைவலி: கரும்பு! நம்ம மாவட்டத்துல கரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்த கரும்புக்குக் கீழே இடுப்பளவு தண்ணி நிக்கும். சென்டினல்-1 அனுப்புற அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. அது தோகையிலேயே பட்டுத் திரும்பிடும். 'இங்கே பயிர் நல்லா இருக்கு'ன்னு சாட்டிலைட் சொல்லும். அந்தக் கரும்புக்குச் சொந்தக்காரரோ கரையில நின்னு தலையில கை வெச்சுட்டு இருப்பார்.

சிக்கல் நம்பர் நாலு: நேரம். ஃபெஞ்சல் சமயத்தில் சென்டினல்-1 வரிசையில் வேலை செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு சாட்டிலைட். அது அதே பாதையில் அதே கோணத்தில் திரும்ப வர 12 நாள். வெள்ளம் உச்சத்தில் நின்னது சில இடங்கள்ல ஒரு நாள்கூட இல்லை. சாட்டிலைட் வந்து பார்க்கும்போது தண்ணி வடிஞ்சிருந்தால்?

இப்போ புரியுதா உங்க ஸ்பெஷல்? டேராடூன்ல இருக்கிற ஒரு ஆராய்ச்சியாளர் இந்தப் படத்தை டவுன்லோடு பண்ணலாம். மியூனிச்ல இருக்கிறவரும் பண்ணலாம். ஆனா, 'அண்ணே, உங்க கொல்லையில தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் நின்னுச்சு?'ன்னு போய்க் கேட்க அவங்களால முடியாது. சுவத்துல சேறு படிஞ்ச கோடு எங்கே இருக்குன்னு அளக்க முடியாது. இதைத்தான் ரிமோட் சென்சிங்ல கள சரிபார்ப்புன்னு சொல்றாங்க. இது இல்லாத மேப் வெறும் கலர் பேப்பர்.

எப்படிச் செய்யறது? சிம்பிள். நீங்க போட்ட வெள்ள மேப்பிலிருந்து ஒரு 60 புள்ளிகளை கம்ப்யூட்டரை விட்டே குத்துமதிப்பாத் தேர்ந்தெடுங்க. பாதி 'வெள்ளம்'னு மேப் சொன்ன இடம், பாதி 'இல்லை'ன்னு சொன்ன இடம். வசதியா ரோட்டோரம் இருக்கிறதா பார்த்து நீங்களே பொறுக்கக் கூடாது, அது போங்கு ஆட்டம்! போன்ல ஜி.பி.எஸ்.ஸை ஆன் பண்ணி ஒவ்வொரு புள்ளிக்கும் போங்க. வயல் வரப்பு ஓரத்துல நிக்காம நடுவுல நில்லுங்க. போன் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்னே பின்னே காட்டும், படத்தோட புள்ளியே 10 மீட்டர்தான். அங்கே இருக்கிறவங்ககிட்ட மூணே கேள்வி: தண்ணி வந்துச்சா, எவ்வளவு உயரம், எத்தனை நாள்? கூடவே, அப்போ என்ன பயிர் நின்னுச்சு என்பதையும் எழுதிக்குங்க.

60-ல் 48 சரியா இருந்தால் உங்க மேப் 80 சதவிகிதம் சரி. ஆனா மார்க்கைவிட முக்கியம் அந்த 12 தப்பு. அதுல எத்தனை கரும்பு, எத்தனை நெல், எத்தனை மணல்? இதை ஒரு டேபிளாப் போட்டீங்கன்னா... கங்கிராட்ஸ், நீங்க ஆராய்ச்சி பண்ணிட்டீங்க! எந்தக் கடையிலும் கிடைக்காத டேபிள் அது.

இதுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பலமும் இப்போ வந்திருக்கு. 2025 ஜூலை 30-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன 'நிசார்' சாட்டிலைட், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அதுல ரெண்டு ரேடார். நாசா கொடுத்த ரேடாரின் அலை நீளம் சுமார் 24 செ.மீ. நீளமான அலை தோகையைத் தாண்டிக் கீழே இறங்கும். தண்ணியிலும் தண்டிலும் மாறி மாறிப் பட்டு அதிகமாத் திரும்பி வந்தால், அந்த இடம் கறுப்புக்குப் பதிலா பளிச்சுன்னு தெரியும். அடுத்த வெள்ளத்துல நம்ம கரும்புக் காட்டுல இது எந்த அளவுக்கு வேலை செய்யுது? இதைச் சோதிச்சுப் பார்க்க கரும்புக் காடும், வெள்ளமும், அங்கே போய் வரத் தெரிஞ்ச ஆளும் வேணும். மூணும் நம்ம பக்கம் இருக்கு.

ஒரு கண்டிஷன்: வெள்ளம் ஓடும்போது யாரும் ஹீரோயிசம் காட்டி உள்ளே இறங்காதீங்க. வடிஞ்ச பிறகு போனாலே எல்லாத் தகவலும் கிடைக்கும்.

வெள்ளம் இல்லாத நாள்ல... கழுவேலி!

'அடுத்த வெள்ளம் வரைக்கும் சும்மா இருக்கவா?'ன்னு கேட்கிறவங்களுக்குத் திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு பரிசோதனைக் கூடமே இருக்கு. மரக்காணம் பக்கத்துக் கழுவேலி! மழைத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற பெரிய சதுப்பு ஏரி. 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சுது. 5,151 ஹெக்டேர். தமிழ்நாட்டின் 16-வது பறவைகள் சரணாலயம்.

தை மாசம் கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும். கோடையில எங்கே போச்சு தண்ணின்னு தேடணும். இந்தச் சுருக்கத்தை மாசா மாசம் அளக்கலாமே! தண்ணி பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அப்படியே குடிச்சிடும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தால் வர்ற எண்தான் நீர்க் குறியீடு. தண்ணி இருந்தால் பொதுவா பூஜ்யத்துக்கு மேல, நிலம்னா கீழே. பத்தாங் கிளாஸ் கணக்குதான். பத்து வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. எந்த வருஷம் எந்த மாசத்துல ஏரி எவ்வளவு சுருங்குதுன்னு ஒரு கிராஃப் வந்துடும்.

இங்கேயும் உள்ளூர் ட்விஸ்ட் உண்டு. பக்கத்துலேயே மரக்காணம் உப்பளம். பாத்தியில நிக்கிற உப்புத் தண்ணியையும் ஏரித் தண்ணியையும் இந்தக் குறியீடு ஒரே மாதிரிதான் காட்டும். எது எதுன்னு பிரிக்க உங்க கால் அங்கே போகணும். சரணாலயத்துக்குள்ளே இறங்கறதுக்கு முன்னாடி காலேஜ் லெட்டரோட வனத்துறை அனுமதி வாங்கிடுங்க. பறவைகள் நமக்காக சீட் ரிசர்வ் பண்ணி வைக்கலை!

யாருக்கு என்ன வேலை?

சிவில்: சர்வே, நீரியல் எல்லாம் உங்க ஏரியா, மேப்பும் கள வேலையும் உங்க கையில். இ.சி.இ.: ரேடார் சிக்னலே உங்க சிலபஸ்தானே! கம்ப்யூட்டர் சயின்ஸ்: 12 தப்பை 6 ஆக்கிற கோட் எழுதுங்க. மெக்கானிக்கல்: உங்களுக்கு அடுத்த பத்தியில விருந்து இருக்கு. நாலு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து ஒரு டீம் போட முடிஞ்சா, எச்.ஓ.டி.க்கள்கிட்ட பேசுங்க. கஷ்டம்தான், ஆனா கேட்டுப் பார்க்கிறதுல தப்பில்லை.

ராக்கெட் பிரியர்களுக்கு

2009 ஏப்ரல் 20-ம் தேதி, பி.எஸ்.எல்.வி.-சி12 ராக்கெட்டில் பறந்த 'அனுசாட்', இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று வடிவமைத்துச் செய்த முதல் சாட்டிலைட். செய்தது நம்ம அண்ணா பல்கலைக்கழகம். எடை 40 கிலோ. அப்புறம் 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-ல் சத்யபாமாசாட், 2017-ல் குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் என்.ஐ.யு.சாட் என்று வரிசையாகத் தமிழ்நாட்டு மாணவர்களின் கைவண்ணம் வானத்தில் ஏறியது.

முழு சாட்டிலைட் செய்யற வசதி எல்லாக் காலேஜுக்கும் இருக்காது. அதுக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கு வேலை முடிஞ்சதும் சும்மா சுத்தும். அதையே ஒரு மிதக்கும் லேப் ஆக்கி, 'போயம்'னு பேர் வெச்சிருக்கு இஸ்ரோ. 2024 டிசம்பர் 30-ல் போன போயம்-4-ல் 24 சோதனைக் கருவிகள். பத்து, இஸ்ரோவுக்கு வெளியிலிருந்து வந்தவை. பெங்களூரு இன்ஜினீயரிங் காலேஜ் மாணவர்கள் குடல் பாக்டீரியா விண்வெளியில் எப்படி வளருதுன்னு பார்க்க ஒரு பெட்டி செஞ்சு அனுப்பினாங்க!

இன்னும் சின்னதா ஆரம்பிக்கணுமா? 'இன்-ஸ்பேஸ்' அமைப்பு மாணவர்களுக்கு கேன்சாட், மாடல் ராக்கெட் போட்டிகள் நடத்துது. கூல்டிரிங்ஸ் கேன் மாதிரி ஒரு உருளைக்குள்ளே சென்சார், ரேடியோ, பேட்டரி, பாராசூட். மேலேயிருந்து இறங்கும்போது காற்றழுத்தம், வெப்பநிலை, இடம் எல்லாத்தையும் தரைக்கு அனுப்பணும். மெக்கானிக்கல் மக்களே, அந்தக் கேன் அதிர்வுல உடையாம இறங்கறது உங்க பொறுப்பு. நம்ம விழுப்புரத்துக்காரர் பிஎச்.டி. பண்ணின சப்ஜெக்ட் ஞாபகம் வருதா?

தட்ட வேண்டிய கதவுகள்

* டேராடூனில் இருக்கிற இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், 2007-லிருந்து நேரலை வகுப்புகள் நடத்துது. இப்போ ஆன்லைன்லயே படிக்கலாம். கட்டணம் கிடையாது, வருகைப்பதிவு சரியா இருந்தா சான்றிதழும் உண்டு. முதல் படி இதுதான்.
* என்.பி.டி.இ.எல். தளத்தில் ரிமோட் சென்சிங், ஏரோஸ்பேஸ் பாடங்கள் ஏகப்பட்டது. படிக்க இலவசம், எக்ஸாமுக்கு மட்டும் கட்டணம்.
* இஸ்ரோ மையங்கள் இன்டர்ன்ஷிப்பும் ப்ராஜெக்ட் பயிற்சியும் தருது. குறைந்தபட்சம் 60 சதவிகிதம் அல்லது 6.32 சி.ஜி.பி.ஏ. கேட்கிறாங்க. பி.இ. மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஆறு செமஸ்டர் முடிச்சிருக்கணும். ரிமோட் சென்சிங்குக்கு ஹைதராபாத், அகமதாபாத் மையங்கள். எஞ்சின் ஆசை இருந்தால் நம்ம மகேந்திரகிரி. உதவித்தொகை கிடையாது, தங்கற செலவை முன்னாடியே கணக்குப் போட்டுக்குங்க. விதிமுறைகள் மாறலாம், அந்தந்த மையத்தின் அறிவிப்பைப் பார்த்துட்டு அப்ளை பண்ணுங்க.
* காசு பிரச்னைன்னா, மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தர்ற கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பைக் குறி வையுங்க. ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை, உதவித்தொகையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யும் தனியா ஒரு கோடைக்கால ஃபெலோஷிப் தருது.
* தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி தருது. கைடு மூலமா, காலேஜ் வழியாத்தான் விண்ணப்பிக்கணும். ஊர் ஊராப் போற பஸ் செலவுக்காவது ஆகும்!
* கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இருக்கு. காலை ரயில் ஏறினால் போய் ஒரு பேராசிரியரைப் பார்த்துட்டு ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். முன்னாடியே மெயில் அனுப்பி, நேரம் கேட்டுட்டுப் போங்க.

அந்த மெயில்ல ஒரு ரகசியம். 'சார், எனக்கு ஸ்பேஸ்னா உயிர், சின்ன வயசுலேருந்தே கனவு'ன்னு பேராசிரியர்களுக்கு தினமும் மெயில் வரும். ஒரு மேப், ஒரு டேபிள், 'கரும்புக் காட்டுல மட்டும் என் மேப் தப்பாகுது சார், ஏன்னு தெரியணும்'னு ஒரு வரி. இப்படி ஒரு மெயில் வந்தால் யாராக இருந்தாலும் நிமிர்ந்து உட்காருவாங்க. கனவு எல்லார்கிட்டயும் இருக்கு. அந்த டேபிள் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

டவுட் கார்னர்

'அரியர் இருக்கே, முடியுமா?' கழுவேலி உங்க மார்க் ஷீட்டைக் கேட்காது. வேலையை ஆரம்பிங்க. ஆனா இன்டர்ன்ஷிப்புக்கு மார்க் வேணும், அரியரையும் க்ளியர் பண்ணுங்க.

'எங்க கைடுக்கு ரிமோட் சென்சிங் தெரியாதே?' பரவாயில்லை. சேர்ந்து கத்துக்கலாம் வாங்க சார்னு கூப்பிடுங்க. நிறைய பேர் சந்தோஷமா வருவாங்க.

'இங்கிலீஷ் தகராறு...' அந்த மூணு கேள்வியைத் தமிழ்லதானே கேட்கப் போறீங்க? ஊர்ப் பாஷை தெரிஞ்சிருக்கிறது இந்த வேலையில ப்ளஸ் பாயின்ட். ரிப்போர்ட்டுக்கு ஃப்ரெண்டைப் பிடிங்க.

'நான் டிப்ளமோதான் படிக்கிறேன்.' மேலே நிலா கதையை இன்னொரு வாட்டி படிங்க பாஸ்.

'ரிசல்ட் மோசமா வந்தா?' மேப் தப்பாகுதுன்னு கண்டுபிடிச்சாலும் அது ரிசல்ட்தான். எங்கே, ஏன் தப்பாகுதுன்னு சொல்லணும், அவ்வளவுதான். சரியில்லைன்னு 80-ஐ 95 ஆக்கி எழுதிடாதீங்க. நாளைக்கு யாரோ ஒருத்தர் உங்க டேபிளை நம்பி ஒரு கிராமத்தை 'வெள்ளம் வராத இடம்'னு குறிச்சு வைக்கலாம்.

இந்த வார ஹோம்வொர்க்

கம்ப்யூட்டர்ல சென்டினல்-2 படத்தைத் திறந்து உங்க ஊர் ஏரியைத் தேடுங்க. ஜனவரி மாசப் படம் ஒண்ணு, ஜூன் மாசப் படம் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு வீட்ல பெரியவங்ககிட்ட காட்டுங்க. 'இந்த மூலையில முன்னாடி தண்ணி நிக்குமேப்பா, இப்போ ஏன் இல்லை?'ன்னு யாராவது ஒருத்தர் கேட்பாங்க. அதை அப்படியே பேப்பர்ல எழுதி, கீழே உங்க பேட்ச் நாலு பேர் பேரையும் போட்டு, கைடு டேபிள்ல வெச்சிடுங்க. உங்க ப்ராஜெக்ட் டைட்டில் ரெடி!